கையை ஊன்றி விழுந்தவர்கள் வாருங்கள்

மஞ்சக்குப்பம் பிசியோ:
கடலூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான்: வழுக்கியது, கையை ஊன்றினேன், அப்புறம் வலி. ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்தால் ஆளுக்கொரு எலும்பு. உள்ளங்கையில் விழுந்த அடி அங்கேயே நிற்பதில்லை, மணிக்கட்டின் 8 சின்ன எலும்புகள், முன்கை, முழங்கை, மேற்கை, தோள், கழுத்துக்கு அடியில் குறுக்கே இருக்கும் காறை எலும்பு என்று மேலே ஏறிக்கொண்டே போகும், வழியில் அந்த வயதில் எது பலவீனமோ அது முறியும். கையும் உடம்பும் எலும்போடு எலும்பாகச் சேருகிற ஒரே இடம் காறை எலும்பு நெஞ்செலும்பில் முட்டுகிற மூட்டுதான் என்பது தெரியுமா? தோள்பட்டைப் பலகை விலாவின் மேல் தசைப் பிடிப்பில்தான் நிற்கிறது. சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். எந்த வயதில், எது முறிந்தது?

துறைமுகத்தான்:
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கும்போது வழுக்கி விழுந்தேன், வயது 26. வீக்கம் பெரிதாக இல்லை. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு ஒன்றும் இல்லை என்று கிரீப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். வலி மட்டும் போகவே இல்லை, கூடையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாமா புத்தூர் கட்டுதான் சரி என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்குள் புதுச்சேரியில் ஓர் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழுமே, அதை மட்டும் அழுத்தினார், நான் கத்தினேன், உடனே மறுபடி படம் எடுக்கச் சொன்னார். இந்த முறை கோடு தெரிந்தது. ஸ்கேஃபாய்டாம், மணிக்கட்டின் அந்த 8 எலும்புகளில் ஒன்று, அப்படி ஓர் எலும்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

மஞ்சக்குப்பம் பிசியோ:
அண்ணே, ஸ்கேஃபாய்டு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதனால் சந்தேகம் இருந்தாலே கட்டுப் போட்டுவிட்டு 10, 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பது வழக்கம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி வருகிறது, நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் எட்டாமல் அது செத்துப்போகலாம். நீங்கள் இரண்டாவது டாக்டரிடம் போனது நல்லதாய்ப் போயிற்று. கட்டு எதுவானாலும், யார் போட்டாலும், விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
என் பையனுக்கு ஏழு வயது, பொட்டானிக்கல் கார்டனில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்தான். முன்கை எலும்பு முழுசாக உடையவில்லை, பச்சை வேப்பங்குச்சியை மடக்கினால் ஒரு பக்கம் பிளந்து மறு பக்கம் வளைந்து நிற்குமே, அப்படி. அதைவிட என்னைப் பயமுறுத்தியது முழங்கைப் படம்தான். அங்கே இங்கே துண்டு துண்டாக எலும்பு மிதக்கிறது, நடுவில் இடைவெளி, நான் அழுதே விட்டேன். டாக்டர் அடிபடாத கையையும் படமெடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அதிலும் அதே துண்டுகள்! குழந்தைகளுக்கு அந்த இடைவெளியெல்லாம் படத்தில் தெரியாத குருத்தெலும்பாம். முழங்கையைச் சுற்றி ஆறு இடங்களில் தனித்தனியாக எலும்பு உருவாகத் தொடங்கி, பிறகுதான் ஒன்றாகச் சேருமாம்.

வில்லியனூர் மருமகள்:
எங்கள் அத்தைக்கு 62. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கூட்டத்தில் கால் தடுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து பார்க்கவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோலிஸ் முறிவு என்று எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தேன், ஆபிரகாம் கோலிஸ் என்ற டப்ளின் சர்ஜன் 1814-இல் எழுதியது, எக்ஸ்ரே வந்ததோ 1895-இல். கையால் தடவிப் பார்த்தே சொல்லியிருக்கிறார் மனுஷன். மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கை சேர்ந்துவிட்டதே, எதற்குச் செலவு என்கிறார் அத்தை.

மஞ்சக்குப்பம் பிசியோ:
எடுக்கச் சொல்லுங்கள் மேடம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக இளைக்கும், அது முதலில் தெரியவருகிற இடங்களில் மணிக்கட்டும் ஒன்று. இன்னும் வயதானால் விழும்போது கை சட்டென்று முன்னால் வராது, பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பில் அடி விழும், தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். ஸ்கேன் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஈசிஆர் பைக்:
காறை எலும்பை யாருமே சொல்லவில்லையே! பெரிய காலாப்பட்டு பக்கம் மணலில் வண்டி சறுக்கி விழுந்தேன், கை ஊன்றியதா தோள் இடித்ததா என்று இப்போதும் தெரியாது. கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளி மாட்டிக்கொண்டதிலேயே சேர்ந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். சேர்ந்த இடத்தில் மட்டும் ஒரு மேடு. பிசியோ சார், அது கரையுமா, இல்லை இப்படியேதான் இருக்குமா?

மஞ்சக்குப்பம் பிசியோ:
கொஞ்சம் தேய்ந்து மட்டமாகும், முழுசாகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். கை தலைக்கு மேல் தாராளமாகப் போகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.