காபனீரொட்சைட்டு கூடினால் பயிருக்கு நன்மையா?

மாடித்தோட்டம், வெள்ளவத்தை:
வணக்கம். வளியில் காபனீரொட்சைட்டு கூடக்கூட விளைச்சலும் கூடும், அது பயிரின் உணவுதானே என்று அண்மையில் ஒருவர் என்னிடம் வாதிட்டார். காலி வீதியோரமாக உள்ள எங்கள் மாடியில் நிற்கும் பயற்றங்கொடியைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடையிடையே ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகள் நிறைந்துள்ளன. இதற்கு வளி மாசு காரணமா?

வயலோரம்:
அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன் மில்லியனுக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐக் கடந்துவிட்டது. நெல்லும் பயற்றையும் இதனால் ஒளித்தொகுப்பைக் கூட்டுகின்றன. இலையில் வாயுக்கள் சென்றுவரும் நுண்துளைகளான இலைவாய்களை ஓரளவு மூடிக்கொள்வதால் நீரையும் மிச்சப்படுத்துகின்றன. சோளத்துக்கும் குரக்கனுக்கும், வறட்சிக் காலம் தவிர, பெரிய ஆதாயமில்லை.

என்னை வருத்துவது தானியத்தின் தரம். சீனாவிலும் யப்பானிலும் திறந்த வயலில் 568 முதல் 590 பங்கு வரையான செறிவில் வளர்த்த நெல்லைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், அரிசியின் புரதம் சராசரியாக 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், நாகம் (துத்தநாகம்) 5 சதவீதமும் குறைந்திருந்தன. பி தொகுதி உயிர்ச்சத்துகள் சில அதைவிடவும் குறைந்திருந்தன. மீனோ முட்டையோ அரிதாகவே வாங்க முடிந்து, சோற்றையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

இலைவாய்:
புள்ளிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாகனப் புகையின் நைதரசன் ஒட்சைட்டுகளும் எரிபொருள் ஆவியும் வெயிலில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன. அது இலைவாய் வழியே புகுந்து கலங்களைச் சிதைக்கிறது. உங்கள் விவரிப்பு அதனோடு பொருந்துகிறது. ஆனால் நெரிசல் மிகுந்த வீதியின் விளிம்பில், புகைக்குழாயிலிருந்து புதிதாக வெளிவரும் நைத்திரிக் ஒட்சைட்டு ஓசோனோடு தாக்கமுற்று அதைக் குறைத்துவிடுவதால், நகரத்துக் காற்று சென்றடையும் புறநகர்த் தோட்டங்களிலேயே ஓசோன் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆகையால் முதலில் இலையைத் திருப்பிக் கைவில்லையால் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் ஊரும் துகள்களும் தெரிந்தால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பீடையான சிற்றுண்ணி.

மாடித்தோட்டம், வெள்ளவத்தை:
நன்றி. பார்த்தேன், சில இலைகளில் நூலாம்படை இருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமேயில்லை. வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி கறுத்துவிட்டது.

இலைவாய்:
அந்தக் கரி ஒளியை மறைக்கும். தூசு படிந்த செடியில் சிற்றுண்ணியும் எளிதாகப் பெருகும். காலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி நீரைப் பீச்சிக் கழுவி வாருங்கள். நூலாம்படை இல்லாத இலைகளைத் தனியாக அடையாளமிட்டு, அவற்றின் படத்தை இங்கே இடுங்கள்.