கருமுட்டை தானத்துக்கு தினமும் ஹார்மோன் ஊசியாம், நாத்தனார் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

மஞ்சக்குப்பம் அண்ணி:
வணக்கம், கடலூர்தாங்க நாங்க. எங்க நாத்தனாருக்கு 27 வயசு, ஒரு பையன் இருக்கான், அவ வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்கு போறத விட்டு ரொம்ப நாளாச்சு, கடன் வேற. தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க மூலமா பாண்டில முட்டை தானம் குடுக்க பேசிட்டு வந்துட்டா. பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து தினம் வயித்துல ஊசி, நடுநடுவுல ஸ்கேன், கடைசில மயக்கம் குடுத்து எடுப்பாங்களாம். அந்தம்மா "ரத்தம் குடுக்குற மாதிரிதான், மறுநாளே வேலைக்கு போலாம்"ங்குது. எனக்கு மனசு கேக்கல. மாசம் ஒரு முட்டைதான வரும், இத்தன எப்டி வரும், நாளைக்கு இன்னொரு கொழந்த வேணும்னா முட்டை தீந்து போயிருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வில்லியனூர் நர்ஸ்:
அக்கா, நான் இந்த டிபார்ட்மெண்ட்ல வேல பாக்குறேன். மொதல்ல அந்த பயத்த விடுங்க, முட்டை தீராது. ஒவ்வொரு மாசமும் சினைப்பைக்குள்ள ஒரு கூட்டம் முட்டைப்பை, அதான் முட்டை இருக்குற குட்டி குட்டி பை, வளர ஆரம்பிக்கும், அதுல ஒண்ணு மட்டும் முந்திக்கும், மிச்சமெல்லாம் தானா அழிஞ்சிடும். எஃப்எஸ்ஹெச்ங்குற முட்டைப்பைய வளக்குற ஹார்மோன் ஊசி அப்டி அழியப்போறதத்தான் காப்பாத்தி வளக்குது. பெரும்பாலும் 8லேர்ந்து 12 நாள் போடுவாங்க. நடுவுல இன்னொரு ஊசி சேரும், அது முட்டை முன்கூட்டியே வெடிச்சிடாம தடுக்க. ஸ்கேன்ல பை 18 மில்லிமீட்டர் கிட்ட வந்ததும் டிரிகர் ஊசி, அதான் முட்டைய கடைசியா முதிர வைக்கிறது, அதுலேர்ந்து 34 - 36 மணி நேரத்துல எடுத்துடணும், அதனால அந்த ஊசிய சொன்ன நேரத்துக்கு கரெக்டா போட்டே ஆகணும்.

பயப்பட வேண்டியது சினைப்பை அளவுக்கு மீறி வீங்குறதுக்கு, ஓஹெச்எஸ்எஸ்னு சொல்லுவோம், வயித்துல தண்ணி கோத்துக்கும். ஹெச்சிஜிங்குற கர்ப்ப ஹார்மோன டிரிகரா போட்டா பல நாள் உடம்புலயே நின்னு இத தூண்டிவிடும். தானம் குடுக்குறவங்களுக்கு கரு வைக்கப்போறதில்ல, அதனால லூப்ரோலைடு மாதிரி வேற டிரிகர் போடலாம், அதுல இந்த ஆபத்து ரொம்ப கொறஞ்சிடும். "என்ன டிரிகர் போடப்போறீங்க டாக்டர்"னு கண்டிப்பா கேளுங்க, கேக்குறது ஒங்க உரிமை. ரத்தம் குடுக்குற மாதிரின்னு சொல்றது பச்சப்பொய்க்கா. ஊசி போடுற நாள்லயும் எடுத்தப்பறம் கொஞ்ச நாளும் வெயிட் தூக்கக்கூடாது, குதிக்கக்கூடாது, வீங்கின சினைப்பை முறுக்கிக்கிட்டா எமர்ஜென்சி. புருஷன் கூட சேரவும் கூடாது, அந்த நேரம் கரு தங்க சான்ஸ் ஜாஸ்தி.

ஓ.டி. வாசகன்:
சட்டத்த பத்தி நான் சொல்றேன். 2021ல வந்த ஏஆர்டி சட்டம், அதான் செயற்கை கருத்தரிப்பு முறைகளுக்கான சட்டம், மத்திய சட்டம், பாண்டிக்கும் கடலூருக்கும் ஒண்ணுதான். தானம் குடுக்குறவங்களுக்கு 23லேர்ந்து 35 வயசுக்குள்ள இருக்கணும், வாழ்க்கைல ஒரே ஒரு தடவ, 7 முட்டைக்கு மேல எடுக்கக்கூடாது. அப்ப எதுக்குங்க டோஸ ஏத்தி ஏத்தி போடணும்? முட்டைய வாங்கி விக்கிறது குற்றம். பதிவு பண்ண கருமுட்டை பேங்க் மூலமாத்தான் நடக்கணும், தெரிஞ்ச அம்மா மூலமா இல்ல. முட்டைய வாங்கிக்கிற தம்பதி இவங்க பேருல 12 மாசத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்து குடுக்கணும். 2022ல ஈரோட்டுல 16 வயசு பொண்ணுக்கு போலி ஆதார் காட்டி முட்டை எடுத்த கேஸ் வந்துச்சே, அதுலயும் புரோக்கருங்க இருந்தாங்க.

முத்தியால்பேட்டை மீனா:
எனக்கு ஐவிஎஃப், அதான் டெஸ்ட் டியூப் பேபி ட்ரீட்மெண்ட், நடந்தப்ப இதே ஊசிதான். வயிறு உப்புசம், எரிச்சல், அழுகை எல்லாம் வரும், யாராவது கூட இருந்தா ரொம்ப நல்லது. சில மருந்து பிரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரில வெக்கணும், பாண்டிலேர்ந்து பஸ்ல எடுத்துட்டு வந்தா ஐஸ் பேக் கேட்டு வாங்கிக்கங்க.

மஞ்சக்குப்பம் அண்ணி:
இவ்ளோ பேர் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இன்சூரன்ஸ் பத்தி கேட்டதுக்கு அந்தம்மா வாயே தெறக்கல. ஊசி ஆரம்பிச்சப்பறம் வேண்டாம்னு தோணுச்சுன்னா நிறுத்த முடியுமா?

வில்லியனூர் நர்ஸ்:
டிரிகருக்கு முன்னாடி நிறுத்திடலாம்க்கா, அடுத்த பீரியட்ஸ் வந்து சினைப்பை தானா சுருங்கிடும், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்தணும். எடுத்தப்பறம் வயிறு மேல மேல உப்புனா, யூரின் கொறஞ்சா, மூச்சு வாங்குனா, ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல எட கூடுனா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஜிப்மரோ பக்கத்துல எந்த பெரியாஸ்பத்திரியோ ராத்திரியே போயிடுங்க. மருந்து பேரு எழுதின சீட்டு கைல இருக்கட்டும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ஃபாரத்த தமிழ்ல படிச்சு காட்டச் சொல்லுங்க, நீங்களும் கூட போங்க.