இங்கிலாந்தின் 'நாலு பூட்டு': ஒருபால் திருமணத்தை மறுக்கும் சபை மீது வழக்குப் போட முடியுமா?

வழிப்போக்கன்:
2013-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருபால் திருமணத்தை அனுமதிக்கும் சட்டம் வந்தபோது, "நாளைக்கு நடத்தி வைக்க மறுக்கும் குருவானவர்மேல் கேஸ் விழும்" என்பதுதான் சபைகள் பெரிதாகச் சொன்ன பயம். நிஜமாகவே விழுமா? இங்கிலாந்து திருச்சபைக்கு மட்டும் சட்டத்திலேயே தடை என்கிறார்களே, அது ஏன்?

தேம்ஸ்கரை:
விழாது. சபைகளைக் காக்க வைத்த நாலு ஏற்பாடுகளைத்தான் 'நாலு பூட்டு' என்கிறார்கள். சட்டத்தின் 2-ஆம் பிரிவு, எந்தச் சபையையும் குருவையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சமத்துவச் சட்டம் 2010-ஐயும் கூடவே திருத்தினார்கள். மறுத்ததைப் பாகுபாடு என்று கோர்ட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

நடைமுறையில் பெரிய பூட்டு வேறு. சபை வாயே திறக்காவிட்டால் 'இல்லை' என்றுதான் அர்த்தம். நடத்த விரும்பினால் சபையின் தலைமை அமைப்பு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு கட்டடத்தை 1949 திருமணச் சட்டத்தின் 43ஏ பிரிவில் தனியாகப் பதிய வேண்டும். ஏற்கெனவே 41-ஆம் பிரிவில் திருமணத்துக்குப் பதிவான கட்டடம்தானே என்று விட்டுவிடுவது வழக்கமான தப்பு. இது தெரிந்தே நடத்தினால் திருமணமே செல்லாது. இந்துக் கோவில்களுக்கும் இதே விதிதான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் கட்டடப் பதிவு தேவையில்லை, ஒப்புதல் போதும். குவேக்கர்கள் 2009-லேயே ஆதரவு என்று முடிவெடுத்தவர்கள். 'மதம் எதிர்த்தது' என்று மொத்தமாகச் சொல்வது அதனால்தான் சரியில்லை.

ஓலைச்சுவடி:
நாலாவது பூட்டான இந்தத் தடைதான் பலருக்குக் குழப்பம். இங்கிலாந்து திருச்சபை அரசு சபை. சேகர எல்லைக்குள் குடியிருப்பவர், விசுவாசியோ இல்லையோ, அந்தக் கோவிலில் திருமணம் செய்ய உரிமை உள்ளவர். குருவுக்கு அது கடமை. விலக்கு எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கடமை ஒருபால் ஜோடிக்கும் நீண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல்: அந்தச் சபையின் விதிகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி. நாட்டுச் சட்டத்துக்கு முரணாக அவை இருக்கக் கூடாது என்பது 1533 முதல் உள்ள சட்டம். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் என்று சொல்லும் பி30 விதி அதில் அடிபட்டிருக்கும். அதனால்தான் விலக்கு. நிரந்தரத் தடை இல்லை. சபையின் சட்டமன்றமான பொதுச் சினட் சட்டம் இயற்றி, நாடாளுமன்றமும் ஏற்றால் மாற்றலாம். 2023 டிசம்பரில் வந்தது ஒருபால் ஜோடிகளுக்கான ஆசீர்வாத ஜெபங்கள் மட்டும், திருமணம் அல்ல.

வேல்ஸ் சபை 1920-லேயே அரசிடமிருந்து பிரிந்தாலும் அதே திருமணக் கடமை அதற்கு மிச்சம் இருந்ததால் அதுவும் பூட்டுக்குள். தங்களைக் கேட்கவில்லை என்று அப்போது அவர்களுக்கு வருத்தம், நியாயமானதும்கூட.

வழிப்போக்கன்:
கவுன்சில் பதிவாளர் தன் நம்பிக்கையைச் சொல்லி மறுத்தால்?

தேம்ஸ்கரை:
அவருக்கு விலக்கு கிடையாது. அவர் செய்வது அரசுப் பணி. ஒருபால் ஜோடிகளின் சிவில் பார்ட்னர்ஷிப் (திருமணம் அல்லாத சட்டப் பதிவு) நடத்த மறுத்த லண்டன் இஸ்லிங்டன் பதிவாளர் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2013 ஜனவரியில் தோற்றார். 2-ஆம் பிரிவும் பதிவாளர்களைப் பெயர் சொல்லியே வெளியே நிறுத்துகிறது.