ஸ்டூபாய் உயர்பாதையில் சிக்கனமாக நடக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகருக்கு அருகிலுள்ள ஸ்டூபாய் பள்ளத்தாக்கில் மலைநடை செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அங்குள்ள ஸ்டூபாய் உயர்பாதை எட்டு மலைக்குடில்களை இணைப்பதால் கூடாரம் சுமக்கத் தேவையில்லை. ஆல்பைன் சங்கம் எனும் மலையேறுவோர் அமைப்பின் உறுப்பினர்களுக்கு அக்குடில்களில் தங்கும் கட்டணம் குறைவு என்பதால், தனியறையைத் தவிர்த்துப் பலரும் சேர்ந்து உறங்கும் கூடத்தில் படுத்துக்கொண்டால் சுவிட்சர்லாந்துப் பயணத்தைவிடச் செலவு நன்றாகவே குறையும் என்று கணக்கிட்டுள்ளோம்.

எங்கள் பெரிய கவலை கிராவாக்ரூபன்நீடர் கணவாய்தான். ஏறத்தாழ 2,880 மீட்டர் உயரத்திலிருந்து உதிர்கற்கள் நிறைந்த சரிவில் இறங்க வேண்டியிருக்கிறது; என் மனைவிக்கோ ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் வலி கூடுகிறது. கணவாய்க்கு முன்னுள்ள டிரெஸ்ட்னர் குடிலிலிருந்து கேபிள் காரில் இறங்கி, பேருந்தில் பள்ளத்தாக்கிலுள்ள ஃபால்பெசோன் வரை சென்று, அங்கிருந்து கணவாய்க்கு அடுத்துள்ள நோயே ரெகன்ஸ்பர்கர் குடிலுக்கு ஏறினால் அந்தக் கணவாயைத் தவிர்க்கலாம் என்று வரைபடத்தில் தெரிகிறது. அப்படிச் சென்றவர்கள் யாரேனும் இருந்தால், ஒரே நாளில் அது நிதானமாக முடியுமா என்று சொல்லுங்கள்.

குடில்களில் இரவு உணவை மட்டும் வாங்கி, பகலுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கையில் கொண்டுபோவது எட்டு நாளுக்குப் போதுமா என்பதையும் அனுபவசாலிகள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.