ஐசியூவை விட்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

நைட்_டூட்டி_32:

எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் நைட் முடித்து வந்தேன், தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பி.எஸ்சி. நர்சிங், வயது 32. வடசென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் 4 வருடம் 5 மாதமாக இருக்கிறேன், அதற்கு முன்னால் வேறு இடத்தில் மூன்று வருடம் வார்டு. பிடித்தம் போகக் கையில் 22,000 வருகிறது. வென்டிலேட்டர் பேஷண்ட் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம், இங்கே நைட்டில் எனக்கு மூன்று பெட், அதில் இரண்டு வென்டிலேட்டர். ஒருவருக்கு சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட்டுக்கொண்டிருப்பேன், அடுத்த பெட்டில் மருந்து ஏற்றும் பம்ப் கத்தும், அதைப் பார்க்கப் போனால் வெளியே அட்டெண்டர் கதவைத் தட்டுவார். காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது, மூன்று மணிக்கு யூரின் அளவு எழுதவில்லையே என்று இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் கேட்பார்.

இது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன், வீட்டில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்துவிட்டு பீப் பீப் என்றது. நான் எழுந்து போய் மெஷின் மேல் கையை வைத்து ஐசியூ அலாரத்தை நிறுத்தும் சைலன்ஸ் பட்டனைத் தேடியிருக்கிறேன். மாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா தேடுற?" என்றார். சிரிப்புதான் வந்தது, அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

மகள் யுகேஜி படிக்கிறாள். வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஷிஃப்ட் வேலை, மாதத்தில் ஏழெட்டு நாள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல நைட் விழுகிறது. மெடிக்கல் கோடிங் (பேஷண்ட் ஃபைலைப் படித்து நோய்க்குக் குறியீடு போடும் கம்ப்யூட்டர் வேலை), மணலிப் பக்கம் கம்பெனி மருத்துவ அறை, டயாலிசிஸ், மாநகராட்சி நலவாழ்வு மையம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மாவோ, "நகையை வைத்துப் படிக்க வைத்தது கம்ப்யூட்டர் தட்டவா?" என்கிறார். வெளியே போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கிறீர்களா? போய்விட்டுப் பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுப்பார்களா?

ஐ10:

நான் கோடிங்குக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. பெயரைப் பார்த்தே கோடிங் ஆட்கள் கண்டுபிடித்திருப்பார்கள், நோய்க் குறியீட்டில் ஐ10 என்றால் பிபி.

நிம்மதியா என்றால், தூக்கம் வருகிறது, முதுகுவலி வேறு இடத்துக்கு மாறிவிட்டது, இடுப்பில் இருந்தது இப்போது கழுத்தில். யாரும் என் கையில் சாவதில்லை. முதல் மாதம் ஒரு சார்ட் வந்தது, ஐ46.9 என்று போட்டுவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தேன். அது கார்டியாக் அரெஸ்ட். முன்பெல்லாம் அதற்கு ஸ்டூல் போட்டு ஏறி நின்று மார்பை அமுக்கியிருப்பேன், வேர்த்துக் கொட்டியிருக்கும், இப்போது ஒரு எழுத்து, மூன்று எண், ஒரு புள்ளி. அன்றைக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பழகியது நல்லதா என்று தெரியவில்லை.

டென்ஷன் இல்லாத வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் உண்டு, அதிலும் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். சேரும்போது உங்கள் ஏழு வருட அனுபவத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஃப்ரெஷர் சம்பளம்தான், 22,000த்திலிருந்து இறங்க வேண்டியிருக்கும். சிபிசி என்ற கோடிங் சான்றிதழ்ப் பரீட்சை எழுதினால்தான் ஏற்றம், 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் சுலபம் என்று நினைத்து நான் முதல் தடவை கோட்டை விட்டேன். சில கம்பெனிகளில் நைட்டும் உண்டு, கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எங்கே போனாலும் நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனைக் காலாவதியாக விடாதீர்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் திரும்பி வரும் கதவை நாமே சாத்திக்கொண்ட மாதிரி.

மணலி_ஃபர்ஸ்ட்_எய்டு:

கம்பெனி வேலை பற்றி நான் சொல்கிறேன். 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் ஆம்புலன்ஸ் அறை கட்டாயம் என்பது 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது, அதனால்தான் மணலி, எண்ணூர் பக்கம் நமக்கு இந்த வேலை கிடைக்கிறது. தலைவலிக்கு மாத்திரை, கண்ணில் தூசி, விரலில் வெட்டு, வருடாந்தர மெடிக்கல் செக்கப் ஃபைல், பிபி எடுக்க வந்து அரை மணி நேரம் மருமகள் கதை பேசும் சூப்பர்வைசர், இவ்வளவுதான் மாதத்தில் 29 நாள்.

முப்பதாவது நாள்தான் விஷயம். ஐசியூவில் கூப்பிட்டால் டாக்டர் ஓடி வருவார். இங்கே ராத்திரி ஷிஃப்டில் நீங்கள்தான் டாக்டர், நீங்கள்தான் சிஸ்டர், வண்டி வரும் வரை அத்தனை பேரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்ததே, அதற்கும் எங்கள் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதற்கு மறுநாளிலிருந்து நான் முதலில் பார்ப்பது கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான். ஐசியூ ஆட்களுக்கு இந்த வேலை சரிப்படும், கை நடுங்காது. நைட் உண்டா, ஆள் கம்பெனி ரோலா கான்ட்ராக்டா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஸ்கூட்டியில் வருவதாக இருந்தால் கன்டெய்னர் லாரி வரிசை, அதுவும் ஒரு ஸ்ட்ரெஸ்தான்!

பிரதர்_பெரம்பூர்:

சிஸ்டர், 4 வருடம் 5 மாதம் என்று படித்ததும் பதறிவிட்டேன், தயவுசெய்து இப்போது பேப்பர் போடாதீர்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது வரும் பணிக்கொடைக்கு, ஐந்து வருடம் வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே முழு வருடமாக எடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் வார ஆஃப் கணக்கில் வருமா வராதா என்று எச்ஆர் இழுப்பார்கள், அதனால் முடிந்தால் முழு ஐந்து வருடம் போட்டுவிடுங்கள், இன்னும் ஏழு மாதம்தானே. கணக்கு இதுதான்: கடைசி பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். பேசிக் 13,000 என்றால் 37,500 ரூபாய். நான் 4 வருடம் 6 மாதத்தில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன், வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியை விட்டுத்தான் போக வேண்டும் என்று இல்லை. நான் இப்போது வேறு ஒரு ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் டெஸ்க். முதலமைச்சர் காப்பீட்டுக்கு பேஷண்ட் ஃபைலைப் பார்த்து அப்ரூவலுக்கு அனுப்புகிற வேலை, கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்த ஆள் தேவை என்பதால் நர்ஸைத்தான் தேடுவார்கள். நைட் கிடையாது. "அப்ரூவல் வந்துச்சா"ன்னு நாளைக்கு ஐம்பது தடவை கேட்பார்கள், அவ்வளவுதான். இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் வேலையும் இப்படித்தான், உங்கள் இடத்தில் என்ஏபிஎச் என்ற ஆஸ்பத்திரித் தரச் சான்று இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஓஇடி_எழுதியவன்:

எல்லாவற்றையும் விட்டுவிட்டு யுகே போங்க சிஸ்டர்.

பிரதர்_பெரம்பூர்:

யுகேஜி பிள்ளையை யார் பார்ப்பது தம்பி, நீயா?

பழைய_சிஸ்டர்_ராயபுரம்:

ஓய்வு பெற்றுவிட்டேன், அரசு டூட்டி, பாதிக் காலம் லேபர் வார்டு. அம்மாடி, அந்த நலவாழ்வு மையத்தை யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே, நேரத்தைக் கேட்டாயா? காலை 8 முதல் 12, மறுபடி மாலை 4 முதல் 8. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கொஞ்ச நேரத்தில் நீ கிளம்ப வேண்டும், தூங்கப் போகும்போது வருவாய். வேலை லேசுதான், கான்ட்ராக்டுதான், ஆனால் உன் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

தனியாருக்குச் சம்பளம் பற்றி 2016ல் மத்திய அரசு கமிட்டி சொன்னதைக் கேட்டால் சிரிப்பாய். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த கமிட்டி. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50க்குக் கீழ் இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்றார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய குறைந்தபட்சத்தைவிட இரண்டாயிரம் அதிகம் வாங்கிக்கொண்டு மூன்று பெட் பார்க்கிறாய், அதுவும் ஐசியூவில். இதில் நீ பலவீனமானவள் என்று நினைத்து அழுகிறாயே, அதுதான் எனக்குக் கோபம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஃப் நாளில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உனக்கு ஞாபகம் வருவது பேஷண்டா, அந்த இன்சார்ஜா?

கிட்னி_யூனிட்:

டயாலிசிஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். நான்கு மணி நேர செஷன், வாரத்தில் மூன்று தடவை அதே ஆட்கள். பிபி இறங்கும், கால் இழுக்கும், அதையெல்லாம் ஐசியூ சிஸ்டர் தூக்கத்திலேயே சமாளிப்பீர்கள். எங்கள் சென்டரில் நைட் இல்லை, ஆனால் முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போட்டு டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்ற டெஸ்ட்) பார்த்துவிட்டு வாருங்கள்.

கஷ்டம் வேறு மாதிரி. ஐசியூவில் பேஷண்டின் பெயர் மனதில் பதிவதற்குள் போய்விடுவார்கள். இங்கே திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று வருடம் வந்து, மகள் கல்யாணப் பத்திரிகை எல்லாம் கொடுத்தவர், ஒரு திங்கட்கிழமை வர மாட்டார்.

நைட்_டூட்டி_32:

எல்லாருக்கும் நன்றி. பழைய சிஸ்டர் கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். ஞாபகம் வருவது நான்காம் பெட் தாத்தா. கழுத்தில் ட்யூப் இருக்கும்போது அட்டையில் "இட்லி" என்று எழுதிக் காட்டுவார், நான் இல்லை என்று தலையாட்டுவேன், உடனே "ரெண்டு" என்று எழுதுவார். வார்டுக்கு மாறி வீட்டுக்கும் போய்விட்டார். அதனால் கம்ப்யூட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது, ஐ10 அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று நர்சிங் சூப்ரண்ட்டிடம் எங்கள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாற்றிக் கேட்டேன். முகம் கொடுக்கவில்லை, எழுதிக் கொடு என்றார், எழுதிக் கொடுத்து நகல் வைத்திருக்கிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏழு மாதம் இங்கேதான், 37,500ஐ விட மாட்டேன், என் பேசிக்கும் சரியாக 13,000, பிரதருக்கு எப்படித் தெரிந்தது?! அதற்குள் மணலியிலும் ரெஸ்யூம் கொடுத்து வைக்கிறேன்.

ஐ10:

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. அது சரி, உன் வாஷிங் மெஷின் என்ன மாடல்? நிறைய மெஷின்களில் அந்தச் சத்தத்தை நிறுத்த வழி இருக்கிறது, எங்கள் வீட்டில் நான் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். முன்பக்கப் படம் எடுத்துப் போடு, பார்த்துச் சொல்கிறேன்.