இடர்க்காரணியா, இடர்கூட்டியா?

வணக்கம்.

இளவயதில் வரும் இதயத் தமனி நோய் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'மரபுவழி ரிஸ்க் ஃபேக்டர்' வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. இடர்க்காரணி, ஆபத்துக் காரணி இரண்டும் புழக்கத்தில் இருப்பவைதாம். 6-இன் காரணிகள் 1, 2, 3, 6 என்று கணக்கில் படித்தவருக்குக் காரணி உறுத்தாது. ஆனால் அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்த ஒருவர் படித்தால், காரணி என்பதைக் காரணம் என்றுதான் வாசிப்பார். சிக்கல் அங்கேதான்.

குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் நோயில் காரணி ஓரளவு பொருந்தும். ரத்தத்திலுள்ள எல்டிஎல் என்னும் 'கெட்ட' கொலஸ்ட்ராலைக் கல்லீரல் செல்கள் பிடித்து உள்ளே இழுக்க ஓர் ஏற்பி வேண்டும். அதற்கான மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று பழுதானால் எல்டிஎல் பிறந்ததிலிருந்தே தேங்குகிறது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. சிலருக்குக் குதிகால் நாண் தடித்திருக்கும், விரல் முட்டிகளின் மேல் கொழுப்புக் கட்டிகள் தென்படும். இரண்டு நகலும் பழுதென்றால் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம்.

சரி, இதயத் தமனி நோயோடு தொடர்புடையதென்று 2007இல் கண்டறிந்த 9ஆம் குரோமோசோம் பகுதியை என்ன சொல்வது? புரதம் செய்யும் மரபணு எதுவும் அந்த இடத்தில் இல்லை. அங்குள்ள மாறுபாடு மிகப் பரவலானது. இடரைக் கொஞ்சம்தான் ஏற்றுகிறது. அதைச் சுமக்கும் பெரும்பாலோருக்கு மாரடைப்பு வருவதே இல்லை. இதைக் 'காரணி' என்றால் வீணாகப் பயமுறுத்துவதாகும்.

அதனால் என் பரிந்துரை: இடர்கூட்டி. சுவையூட்டி, வலுவூட்டி போல அமைந்த சொல். இடரைக் கூட்டுவது என்று விரிவதால் நடுவில் 'க்' வேண்டாம். எதிர்ப்பதமும் தானாகக் கிடைக்கிறது. பிசிஎஸ்கே9 மரபணு செயலிழந்தால் எல்டிஎல் குறையும். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், அத்தகைய மாற்றம் உள்ளவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடும் இதயத் தமனி நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்தன. இது இடர்தணிப்பி. 'நன்மை தரும் இடர்க்காரணி' என்று சுற்றிவளைக்கத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகளை எடைபோட்டு ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டும் முறைக்கும் 'கூட்டி' இயல்பாக ஒத்துப்போகிறது.

கூட்டுவதும் பெருக்குவதும் துடைப்பத்தின் வேலை என்று யாராவது கேலி செய்வீர்கள், தெரியும். சுவையூட்டியைப் பார்த்து யாருக்கும் தாய் சோறு ஊட்டுவது நினைவுக்கு வருவதில்லை, இதுவும் பழகிவிடும்.

அப்புறம் 'இளவயது' என்ற சொல். ஆண்களுக்கு 55க்கு முன்பும் பெண்களுக்கு 65க்கு முன்பும் வந்தால் அதை முந்தி வந்த நோயாகக் கணக்கில் எடுப்பது வழக்கம். 64 வயதுப் பெண்மணியை 'இளவயது நோயாளி' என்றால் அவரே சிரித்துவிடுவார். 'வயதுமுந்து இதயத் தமனி நோய்' என்று போட்டுப் பார்த்தேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகைதான், ஆனாலும் வாயில் கொஞ்சம் இடறுகிறது. 'வயதுக்கு முந்திய' என்று பிரித்தால் சரளமாக வருகிறது, தலைப்பில் நீள்கிறது. இந்த இரண்டில் எது தேவலை, சொல்லுங்கள்.