கிராமெட் வைத்த காது, நீச்சல் வகுப்பு: எந்த அடைப்பான் வாங்குவது?

பொள்ளாச்சி_அம்மா:
வணக்கமுங்க. பையனுக்கு 4 வயசு 2 மாசம். நடுக்காதுல நீர் கோத்து கேக்கறது மந்தமா இருந்ததால ரெண்டு காதுலயும் கிராமெட் (காது ஜவ்வுல வைக்கற குட்டிக் குழாய்) வெச்சு 7 வாரம் ஆச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல சின்னக் குழாய்னுதான் போட்டிருக்கு, நீளமான டி வடிவக் குழாய் இல்லை. இதுவரை காது வடியலை. போன வாரம் செக்கப்ல ரெண்டு குழாயும் திறந்து, காய்ஞ்சு இருக்குன்னு சொன்னாங்க. தண்ணி பத்திக் கேட்க மறந்துட்டேன்.

திங்கக்கிழமை கோடை நீச்சல் வகுப்பு ஆரம்பம். வாரம் 5 நாள், தினம் 45 நிமிஷம், குடியிருப்புக் குளம், ஆழம் 3 அடி. மெடிக்கல்ல மஞ்சள் ஃபோம் அடைப்பான் வாங்கினேன், பக்கெட் தண்ணில முக்கிப் பார்த்தா 2 நிமிஷத்துல கழண்டுடுது. எது வாங்கறது? மேல நீச்சல் தொப்பி மட்டும் போட்டா போதுமா? குழாய் விழற வரைக்கும் தண்ணிப் பக்கமே விடாதீங்கன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. மே மாசம் ஊருக்குப் போனா அங்க கிணறு வேற இருக்கு.

காதோலை (செவித்திறன் பரிசோதகர்):
அந்த ஃபோமைத் தூர வைங்க. அது சத்தத்தைக் குறைக்கச் செஞ்சது. தண்ணியில ஸ்பாஞ்சு மாதிரி ஊறி, ஈரத்தைக் காதுக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கும்.

அடுத்தது வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. அமெரிக்காவின் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அமைப்பு 2013லயும் 2022லயும் வெளியிட்ட வழிகாட்டுதல் ரெண்டுலயும், கிராமெட் வெச்ச எல்லாக் குழந்தைக்கும் வழக்கமா அடைப்பான், தலைப்பட்டை, நீச்சல் தடைன்னு சொல்ல வேண்டாம்னு இருக்கு. 201 குழந்தைகளை ரெண்டு பிரிவாக்கி அடைப்பான் போட்டும் போடாமலும் பார்த்த ஆய்வு ஒண்ணு அதுக்கு முக்கிய ஆதாரம். பலன் இருந்துச்சு, ஆனா சொற்பம். ஒரு குழந்தை சராசரியா 2.8 வருஷம் விடாம அடைப்பான் போட்டாத்தான் ஒரே ஒரு தடவை காது வடியறது மிச்சமாகும். சின்னக் குழாய் பெரும்பாலும் 6 முதல் 18 மாசத்துல தானாவே விழுந்துடும். கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

தண்ணி ஏன் போகறதில்லைன்னா, குழாய் ஓட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன ஓட்டையில தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையே மூடி மாதிரி நிக்கும். காது ஜவ்வுக்குப் பின்னாடி இருக்கற காத்தும் எதிர்த்துத் தள்ளும். இந்த மூடியை உடைக்கிறது ரெண்டு: சோப்பு, ஆழம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் நுரை எல்லாம் இழுவிசையைக் குறைச்சுடும். அதனால குளத்தை விட குளியலறைதான் இந்தக் காதுக்குக் கெட்ட இடம். இதை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

தண்ணிப்பாம்பு (நீச்சல் பயிற்றுநர்):
ஆழத்தைப் பத்தி நான் சொல்றேன். 2 மீட்டர் கீழ போனா அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், நடுக்காதுல இருக்கற காத்து ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்தக் காலி இடத்துக்குக் குழாய் வழியா தண்ணி வரும். 3 அடிக் குளத்துல மிதக்கறது, காலடிக்கறது, முகத்தை முக்கி எடுக்கறது எதுவும் பிரச்சினை இல்லை. பயிற்றுநர்கிட்ட மூணு விஷயம் மட்டும் சொல்லி வைங்க: அடியில நாணயம் எடுக்கற விளையாட்டு வேண்டாம், மேடையில இருந்து குதிக்கறது வேண்டாம், தலையைப் பிடிச்சு அமுக்கவே கூடாது.

அடைப்பானை விட குளத்துத் தண்ணியைச் சோதிங்க. பட்டைச் சோதனைத் தாள் வாங்கி முக்கிப் பாருங்க. கட்டற்ற குளோரின் (எதோடயும் சேராம மிச்சம் இருக்கறது) 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்துல அத்தனை பங்கு), பிஹெச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8. மூக்கை அரிக்கற குளோரின் வாசனை வந்தா சுத்தமான குளம்னு நினைக்காதீங்க. வியர்வை, மூத்திரத்தோட சேர்ந்து குளோரின் தீர்ந்துபோன வாசனை அது. குடியிருப்புக் குளங்கள்ல சாயந்திரம் 30 பிள்ளைங்க இறங்கினதுக்கு அப்புறம் அளவு தரைக்கு வந்துடும். காலை வகுப்பு கிடைச்சா அதையே எடுங்க.

தொப்பி மட்டும் போட்டா தண்ணி நிக்காது. விளிம்பு வழியா உள்ள வந்து காதுகிட்டயே தேங்கும். அடைப்பானோ பட்டையோ நழுவாம பிடிக்கத்தான் தொப்பி.

இன்னொண்ணு. காதை அடைச்ச பிள்ளைக்கு "நில்லு" கேக்காது. அடைப்பான் போட்டே ஆகணும்னா கை சைகை பழக்கிட்டு, கைக்கு எட்டற தூரத்துல பெரியவங்க ஒருத்தர் தண்ணியிலயே நிக்கணும்.

ரெட்டைச்சுழி:
எல்லாரும் தேவையில்லைன்னு அடிச்சு சொல்றது சரியில்லை. நிறைய மருத்துவர்கள் இன்னும் கண்டிப்பா போடச் சொல்றாங்களே?

காதோலை:
நியாயமான கேள்வி. "வழக்கமா வேண்டாம்"னா யாருக்குமே வேண்டாம்னு அர்த்தமில்லை. காது திரும்பத் திரும்ப வடியற குழந்தை, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்ச குழந்தை, தண்ணி பட்டாலே வலின்னு அழற குழந்தை, ஆழமா முங்கற குழந்தை, ஏரி, ஆறு, கிணறு, குளோரின் போடாத குளத்துல இறங்கற குழந்தை, இவங்களுக்கெல்லாம் அடைப்பான் நியாயம்தான். இப்ப வடிஞ்சுட்டிருக்கற காதுக்கும் தண்ணி ஆகாது. அறுவை செஞ்ச மருத்துவர் போடச் சொல்லியிருந்தா காரணம் கேளுங்க, கேட்டுட்டுப் போடுங்க. அவர் ஜவ்வை நேர்ல பார்த்தவர்.

அப்படிப் போடறதா இருந்தா, எது, எப்படின்னு:

சிலிக்கோன் மாவு அடைப்பான், குழந்தை அளவு. பெரியவங்க கட்டிதான் கிடைச்சுதுன்னா பாதி போதும். காதும் கையும் காய்ஞ்சிருக்கணும், முடியை ஒதுக்கிடணும். உள்ளங்கையில உருட்டி உருண்டையாக்கி, காது மடல் குழி மேல வெச்சு, ஓரத்தை விரலால அமுக்கி ஒட்டுங்க. சப்பாத்தி மாவை டப்பா வாய்ல ஒட்டி மூடற மாதிரி, துவாரத்துக்கு மேல மூடி நிக்கணும். உள்ள திணிக்கவே கூடாது. திணிச்சா எடுக்கறப்ப பிஞ்சு துண்டு உள்ளயே தங்கிடும். நனைஞ்ச காதுல ஒட்டாது, உங்க பக்கெட் சோதனையில இதுவும் தோத்திருக்கும். நாலஞ்சு தடவைக்கு மேல பிசுபிசுப்பு போயிடும், தூக்கிப் போட்டுடுங்க. வாயில போடற வயசுப் பிள்ளை, அதனால கழட்டினதும் எண்ணி வாங்குங்க.

அளவெடுத்துச் செய்யற அடைப்பான் நல்லாவே நிக்கும், ஆனா விலை கூட, காதும் வளரும். 6 மாசத்துக்கு ஒரு தடவை பொருந்துதான்னு பாருங்க, பெரும்பாலும் வருஷத்துக்குள்ள புதுசு வேணும். அச்சு எடுக்கறவர்கிட்ட "காதுல கிராமெட் இருக்கு"ன்னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க. நூல் கட்டின ஸ்பாஞ்சுத் தடுப்பை முதல்ல உள்ள வெச்சுட்டுத்தான் அச்சுப் பசையை ஊத்தணும். அது இல்லாம ஊத்தினா பசை குழாய் வரைக்கும் போய் ஒட்டிக்கலாம், அப்புறம் மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்க வேண்டி வரலாம்.

நியோப்ரீன் (ரப்பர் மாதிரி துணி) தலைப்பட்டையைத் தனியா நம்பாதீங்க. அடைப்பான் மேல போட்டா அது நழுவாது.

பொள்ளாச்சி_அம்மா:
ரொம்ப நன்றிங்க. அடைப்பான் இல்லாமலே விட்டுட்டேன். 9 நாள் ஆச்சு. இன்னைக்குக் காலைல எழுந்தப்ப இடது காதுல இருந்து மஞ்சளா வடிஞ்சு தலையணை ஈரம். காய்ச்சல் இல்லை, வலி இல்லைன்னு சொல்றான், விளையாடறான். குளம்தான் காரணமா? நான் தப்பு பண்ணிட்டேனா?

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்):
முதல்ல பயம் வேண்டாம். குழாய் வெச்ச காதுல சீழ் வந்தா வெளிய வர வழி இருக்கு, அதனாலதான் வலி இல்லை. குழாய் இல்லாத காதுல இதே சீழ் உள்ள தேங்கியிருந்தா ராத்திரி பூரா அழுதிருப்பான்.

ரெண்டு கேள்வி. மூக்கு ஒழுகுதா? வகுப்பு முடிஞ்சதும் தலை எங்க அலசறீங்க?

பொள்ளாச்சி_அம்மா:
மூணு நாளா சளி இருக்குங்க. குளத்துக்குப் பக்கத்துலயே ஷவர்ல ஷாம்பு போட்டு அலசிடுவேன். குளோரின் முடியைக் கெடுத்துடும்னு.

மருந்துச்சீட்டு:
சளிதான் முதல் சந்தேகம். மூக்குக்குப் பின்னாடி இருந்து நடுக்காதுக்குப் போற குழல் வழியா கிருமி ஏறும். தண்ணிக்கு முன்னாடி சளியைத்தான் நினைக்கணும். ரெண்டாவது சந்தேகம் அந்த ஷவர். 45 நிமிஷம் குளத்துல இருந்தப்ப போகாத தண்ணி, 3 நிமிஷ ஷாம்பு நுரையில போயிருக்கலாம். ரெண்டுல எதுன்னு இங்க இருந்து சொல்ல முடியாது. சிகிச்சை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இன்னைக்கே மருத்துவரைப் பாருங்க, அல்லது கூப்பிட்டுக் கேளுங்க. இந்த மாதிரி சிக்கல் இல்லாத வடிதலுக்கு வாய் வழி ஆன்டிபயாடிக் வேண்டாம்னுதான் வழிகாட்டுதல் சொல்லுது. சொட்டு மருந்து போதும். வழக்கமா எழுதறது சிப்ரோஃப்ளாக்சசின் 0.3%, டெக்சாமெதசோன் 0.1% சேர்ந்தது: வடியற காதுல மட்டும் 4 சொட்டு, தினம் 2 வேளை, 7 நாள். வீட்டு அலமாரியில பழைய காது மருந்து இருந்தா எடுக்காதீங்க. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு குழாய் வழியா உள்காதுக்குப் போய்க் கேட்கற நரம்பைக் கெடுக்கலாம். மெழுகு கரைக்கற சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீச்சல்காரர்கள் போடற ஸ்பிரிட்-வினிகர் கலவை எதுவும் கூடாது. காய்ச்சின நல்லெண்ணெயும் கூடாது, பாட்டி கையில இருந்து பாட்டிலை வாங்கி வெச்சிடுங்க.

சொட்டு விடறதுல தப்பு நடக்கற இடம்: சீழ் மேலயே ஊத்தறது. மருந்து மேல மிதந்து வெளிய வந்துடும். முதல்ல டிஷ்யூ பேப்பரைத் திரியா முறுக்கி, துவாரத்து வாய்ல மட்டும் வெச்சு உறிஞ்ச விடுங்க, பட்ஸ் வேண்டாம். பாட்டிலை 2 நிமிஷம் கைக்குள்ள பிடிச்சு வெதுவெதுப்பாக்குங்க, சில்லுன்னு போனா தலை சுத்தும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மடலைப் பின்னாடி இழுத்து 4 சொட்டு. அப்புறம் துவாரத்துக்கு முன்னாடி இருக்கற சின்னக் குருத்து மேட்டை விரலால 5 தடவை அமுக்கி விடுங்க, அந்த அமுக்கல்தான் மருந்தைக் குழாய்க்குள்ள தள்ளும். ஒரு நிமிஷம் அப்படியே படுக்கட்டும். "தொண்டையில கசக்குது"ன்னு சொன்னா சந்தோஷப்படுங்க, குழாய் திறந்திருக்கு, மருந்து போய்ச் சேர்ந்துடுச்சு.

7 நாள் போட்டும் வடிஞ்சா மருத்துவர் உறிஞ்சி சுத்தம் பண்ணி, கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு லேப்ல பார்க்கற சோதனை) எடுத்துப் பார்க்கணும். காதுக்குப் பின்னாடி வீக்கம், மடல் முன்னாடி தள்ளி நிக்கறது, முகம் ஒரு பக்கம் கோணறது, அதிகக் காய்ச்சல் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் கலந்து வடிஞ்சா பார்க்கப் பயமா இருக்கும், ஆனா பெரும்பாலும் ஆபத்தில்லை, மருத்துவர்கிட்ட சொல்லிடுங்க.

காதோலை:
இனி தலைக்குக் குளிக்க வைக்கறப்ப மட்டும் வாஸ்லின் பஞ்சு. கோலிக்குண்டு அளவு பஞ்சு, வெளிப்பக்கம் முழுக்க வாஸ்லின் தடவி, மடல் குழியில வைங்க, துவாரத்துக்குள்ள வேண்டாம். நீச்சலுக்கு இது நிக்காது, குளியலுக்கு இதுவே போதும். தலையைப் பின்னாடி சாய்ச்சு, நெத்தியில இருந்து பின்பக்கமா ஊத்துங்க. நுரைத் தண்ணி தேங்கின டப்பில காது முங்கப் படுக்க விடாதீங்க. குளத்துல இருந்து வந்ததும் ஷாம்பு இல்லாம நல்ல தண்ணியில அலசினாலே குளோரின் போயிடும்.

பொள்ளாச்சி_அம்மா:
டாக்டர் அதே சொட்டுதான் எழுதினாங்க. மூணாம் நாளே நின்னுடுச்சு. மறுபடி எப்ப குளத்துல விடலாம்? கிணறு?

மருந்துச்சீட்டு:
நின்னுடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க, எழுதின 7 நாளையும் முடிங்க. முடிஞ்சு, காது காய்ஞ்சு இருந்தா குளம். சளி இருந்தா அது தீர்ற வரை பொறுங்க.

தண்ணிப்பாம்பு:
கிணத்துக்கு வேற கணக்கு. குளோரின் இல்லை, பாசி, மண்ணு, ஆழம் மூணும் சேர்ந்திருக்கு. 4 வயசுக்குக் கிணறு வேண்டாம், காதுக்காக மட்டும் சொல்லலை. பம்புசெட் தொட்டியில உக்காந்து விளையாடட்டும், சிலிக்கோன் அடைப்பானும் மேல பட்டையும் போட்டு. குழாய் வாய்க்கு நேரா தலையைக் காட்ட விடாதீங்க. அந்த வேகத்துல காதுல அடிச்சா அடைப்பானும் நிக்காது. குற்றாலம் பக்கம் போனாலும் அருவிக்கு இதே கதைதான்.